பூட்டி வைத்தால் பியானோ பிழைக்காது

"யாரும் தொடுறதே இல்லை, அப்புறம் எப்படிக் கெடும்?" லட்சக்கணக்கில் பியானோ வாங்கி, துணி போர்த்தி, வரவேற்பறையில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் சொல்லும் நியாயம் இது. இதைவிட அபத்தம் வேறில்லை!

பியானோவுக்கு எதிரி விரல் அல்ல, ஈரக்காற்று. 88 கட்டைகளுக்கு உள்ளே 200க்கும் மேற்பட்ட கம்பிகள். எல்லாம் சேர்ந்து இரும்புச் சட்டத்தை இழுக்கும் விசை 15 டன்னுக்கும் மேல்! கம்பிகளின் அதிர்வை வாங்கிப் பெரிதாக ஒலிப்பது ஒரு மெல்லிய மரப்பலகை. மழைக்காலத்தில் அது ஈரம் குடித்து உப்பும், சுருதி ஏறும். நாள் முழுக்க ஏசி ஓடினால் காய்ந்து சுருங்கும், சுருதி இறங்கும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் இது நடக்கும். சென்னை மாதிரி கடலோர ஊரில் கம்பியில் துரு வேறு.

வருடத்துக்கு இரண்டு முறை சுருதி சேர்க்க வேண்டும். வெயிலும் ஏசி காற்றும் நேராகப் படக்கூடாது. மேலே பூச்சாடி வைக்கவே கூடாது.

"அது தண்டச் செலவு" என்பவர்கள் காரை மட்டும் தவறாமல் சர்வீஸுக்கு விடுகிறார்கள். சும்மா நிற்கும் சொத்துக்கும் தேய்மானம் உண்டு என்பது பி.காம். முதல் வருடப் பாடம். ஆனால் பெரிய நஷ்டம் காசில் இல்லை. சுருதி தப்பிய பியானோவில் பழகும் குழந்தை, தப்பான சுரத்தையே சரியென்று கேட்டு வளரும். அந்தக் காதை எந்த டியூனர் வந்து திருத்துவார்?