முன்வைத்த காலைப் பின்வைத்தல்

‘முன்வைத்த காலைப் பின்வைக்காதே’ என்பர் நம் பெரியோர். மேற்கொண்ட நற்செயலை இடையில் கைவிடலாகாது என்பது அதன் கருத்து. வகுப்பறையில் யாமும் இதனைப் பலமுறை எடுத்தோதியுள்ளோம். எனினும், காலைப் பின்வைப்பதே அறிவுடைமையாகும் இடங்களும் உண்டு என்பதை ஆல்ப்ஸ் மலையில் உணர்ந்தோம்.

சுவிட்சர்லாந்தில், இன்டர்லாக்கன் நகருக்கு மேலே 1,322 மீட்டர் உயரத்தில் ஹார்டர் குல்ம் என்னும் இடம் உள்ளது. அங்கிருந்து 2,350 மீட்டர் உயரமுள்ள பிரியென்சர் ரோட்ஹார்ன் சிகரம்வரை ஒரு மலைமுகடு நீண்டு செல்கிறது. ஒரே பகலில் அம்முகட்டின்மேல் நடந்து, 1892 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பற்சக்கர இரயிலில் கீழிறங்குவது நடைப்பயணிகள் பலரின் விருப்பம்.

2019 ஆம் ஆண்டு ஆகஸ்டுப் பள்ளி விடுமுறையில் நண்பர் இருவருடன் யாமும் அவ்வாறே புறப்பட்டோம். ‘ரோட்ஹார்ன் உச்சியில் எடுத்த படத்துடன் திரும்புவோம்’ என்று மாணவரிடம் சொல்லியும் வைத்திருந்தோம்.

வலப்புறம் மிகக் கீழே பிரியென்ஸ் ஏரி நீலப்பச்சை நிறத்தில் ஒளிர்ந்தது. இடப்புறம் ஹப்கர்ன் பள்ளத்தாக்கு. இடையே, சில இடங்களில் வயல்வரப்பளவே அகலமுள்ள பாதை. அந்நாட்டு நடைபாதைகளில் நிற்கும் மஞ்சள் நிற வழிகாட்டிப் பலகைகள் தொலைவைக் கூறுவதில்லை. சென்றடைய எத்தனை மணி நேரமாகும் என்றே கூறுகின்றன. ‘எவ்வளவு தூரம்?’ என்று கேட்பவனை, ‘உன்னிடம் எவ்வளவு நேரம் உள்ளது?’ என்று அவை திருப்பிக் கேட்பன போலும்!

2,137 மீட்டர் உயரமுள்ள ஆகஸ்ட்மட்ஹார்னை அடைந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. எஞ்சிய வழியோ இன்னும் நீண்டது, இன்னும் கடினமானது. மேற்கே கருமேகம் திரண்டது. முகட்டின் இருபுறமும் செங்குத்தான புற்சரிவுகள். நனைந்த புல்லில் கால் வழுக்கினால் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. இடிமழையில் முகட்டின்மேல் நிற்பவன் மின்னலுக்கு இலக்காவான்.

“இவ்வளவு தொலைவு கடல் கடந்து வந்து, இங்கிருந்தா திரும்புவது?” என்றார் ஒரு நண்பர். எம் உள்ளமும் அதனையே கேட்டது. ஆயினும் ஹப்கர்ன் பக்கமாக இறங்கினோம். ஒரு மணி நேரத்தில் முகடு மேகத்துள் மறைந்தது; மழை கொட்டியது.

பள்ளி திறந்ததும் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், “அப்படியானால் நீங்கள் தோற்றுவிட்டீர்களா, ஐயா?” என்று வினவினான். அன்று புன்னகைத்தோமே தவிர, விடை கூறவில்லை. இன்று கூறுகிறோம்.

தம்பி, யாம் தோற்றது மலையுச்சியில் அன்று, அன்று காலையில். விடியுமுன் நடக்கத் தொடங்காமல், ஹார்டர் குல்முக்கு ஏறும் முதல் மலை இரயிலுக்காகக் காத்திருந்தோமே, அதுவே பிழை. நண்பகலில் செய்தது அப்பிழையைத் திருத்தியது மட்டுமே.

முடித்தவனுக்கு மட்டுமே மாலை சூட்டுகிறோம். கணக்கைத் தவறான வழியில் தொடங்கிவிட்டு, அதை அழித்து மீண்டும் எழுதும் பிள்ளையை யார் பாராட்டுகிறோம்? அழிக்க வெட்கப்படும் பிள்ளை, தவறென்று அறிந்தும் இறுதிவரை அதே வழியில் செல்கிறான். அவ்வெட்கத்தை ஊட்டுபவர் ஆசிரியரும் பெற்றோருமாகிய நாமே.

பெரியோர் மொழி பொய்யன்று. காலை முன்வைக்குமுன் நன்கு எண்ணுக என்பதும் அதனுள் அடங்கும். எண்ணத் தவறியவர், பின்வைக்க அஞ்சாதிருத்தல் வேண்டும். அதுவும் வீரமே என்பது எம் துணிபு.