டயருக்குள் ஊற்றும் மருந்து

கம்போங் குவாந்தான் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் மூன்று சக்கர மோட்டாரிலேயே பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவரும் பெற்றோர் உண்டு. மட்டைமுள் குத்தாதிருக்க டயருக்குள் அடைப்புத் திரவம் ஊற்றுகின்றனர் என்பர் சிலர். உண்மையில் அது முள்ளைத் தடுப்பதில்லை, குத்திய துளையையே அடைக்கிறது. சக்கரம் சுழலும்போது திரவம் உட்புறமெங்கும் பரவி, காற்று கசியும் இடத்தில் நார்த்துகள்களைத் திணிக்கிறது. நல்ல பொருள்தான். ஆயினும் டயரின் பக்கவாட்டுக் கிழிசலுக்கும், நீளவாக்கில் கிழிந்த டியூபுக்கும் அது உதவாது. அதிர்வையும் சமன்செய்யும் என்கிறார்கள். தோட்டப் பாதையின் மெதுவோட்டத்தில் அதனை எதிர்பார்ப்பது வீண்.

என் கவலை வேறு. காற்று இறங்காததால் எவரும் டயரைக் குனிந்து பார்ப்பதில்லை. தேய்ந்த டயரும் நல்லதாகத் தோன்றுகிறது. சுமை தாங்கும் பக்கச் சக்கரத்தை யாரும் நினைப்பதேயில்லை. திரவமும் நாளடைவில் உலர்ந்துவிடும். பெற்றோரே, பிள்ளையை ஏற்றுமுன் மூன்று டயரையும் பாருங்கள். வாரம் ஒருமுறையேனும் காற்றழுத்தத்தை அளந்து பாருங்கள்.