வகுத்தல் தெரியாத எட்டாம் வகுப்பு

கன்னியாகுமரி மாவட்டத்தாருக்குப் பெருமை பேச ஓர் எண் கைவசம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழகத்தில் முதலிடம். திருவிதாங்கூர் ஆட்சியும் லண்டன் மிஷன் பள்ளிகளும் இட்ட அடித்தளம் அது. அப்பெருமையில் நமக்கும் பங்குண்டு. ஆனால் எட்டாம் வகுப்புக்கு வந்தும் வகுத்தல் தெரியாத பையனும் அந்த 91.75-க்குள்தான் அடக்கம்.

அவனை மாலையில் டியூஷனுக்கு அனுப்புகிறோம். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் டியூஷன் பலகை தொங்காத தெருவைத் தேடத்தான் வேண்டும். அங்கே பள்ளியில் நடந்த அதே பாடம் மறுபடியும் நடக்கிறது. காலையில் புரியாதது மாலையில் மட்டும் எப்படிப் புரியும்? சில இடங்களில் ஒரு திரையை மாட்டி, அதே பாடத்தைப் படமாக ஓட்டி, 'ஸ்மார்ட்' என்று பெயர் சூட்டிக் கட்டணத்தையும் உயர்த்திவிட்டார்கள். கணினியின் பெயரால் நடக்கும் இந்த வியாபாரத்தைக் கண்டுதான் நம் இலக்கிய நண்பர்கள் சீறுகிறார்கள்: கவிமணி ஆசிரியராக இருந்த மண்ணில் பிள்ளைகளை எந்திரத்திடம் ஒப்படைப்பதா?

சீற்றம் நியாயமானது, முடிவு தவறானது. அந்தப் பையனுக்குக் கவிமணி வாய்க்கவில்லை, நண்பர்களே. நாற்பது பேரை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டிய ஓர் ஆசிரியர்தான் வாய்த்திருக்கிறார். அவன் மூன்றாம் வகுப்பில் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தான் என்று தேட அவருக்கு நேரமேது?

தில்லியில் 2015-இல் 'மைண்ட்ஸ்பார்க்' மென்பொருளைக்கொண்டு நடந்த மாலை வகுப்புகளைக் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். கணினி ஒவ்வொருவரையும் சோதித்து, அவரவர் நின்றுபோன இடத்திலிருந்து தொடங்கியது. முக்கால் மணி நேரம் கணினி. முக்கால் மணி நேரம் சிறு குழுவாக ஒரு மனிதரிடம் பாடம். நாலரை மாதத்தில் கணிதத்தில் அவர்கள் பெற்ற முன்னேற்றம், குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களைவிட இரு மடங்குக்கும் மேல்.

விற்பனையாளர்கள் சொல்லாத செய்தி ஒன்றும் அதில் இருக்கிறது. பள்ளியின் கணிதத் தேர்வில் இம்முன்னேற்றம் குறிப்பிடும்படி தெரியவில்லை. தெரியாதுதான். வகுத்தலை இப்போதுதான் கற்றவனிடம் பள்ளி இயற்கணிதம் கேட்கிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் பெற்றோர் மூன்றாம் மாதமே பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். மதிப்பெண்ணால் பிழைக்கும் டியூஷன்காரரோ இதைத் தொடவே மாட்டார்.

குஜராத்தில் லீ லிண்டன் செய்து 2008-இல் வெளிவந்த ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். நல்ல ஆசிரியரின் பாடவேளையைப் பறித்துக் கணினிக்குக் கொடுத்தபோது பிள்ளைகள் பின்னுக்குப் போனார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தபோது, குறிப்பாக மெலிந்தவர்கள், மேலே வந்தார்கள். நண்பர்களின் அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

தமிழகம் 2011-இல் இலவச மடிக்கணினி கொடுத்தது, பெரும்பாலும் மேல்நிலை வகுப்பை எட்டியவர்களுக்கு. வழியில் விழுந்தவன் கைக்கு அது வரவில்லை. 2021-இல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி' மாலை நேரத்தையும் தன்னார்வலரையும் ஒரே திண்ணையில் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே கணினி இல்லை. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. மாலை மணி அடித்ததும் பூட்டிவைக்கத்தானா அது? தோவாளையிலோ குலசேகரத்திலோ ஒரு பள்ளியிலாவது, மாலை ஐந்து முதல் ஆறரை வரை, பின்தங்கிய பிள்ளைகளுக்கென்றே அதைத் திறந்துவிடுங்கள்; பக்கத்தில் ஒரு தன்னார்வலரை உட்காரவையுங்கள். முதல் ஆறு மாதம் மதிப்பெண் அட்டையைக் கேட்காதீர்கள்.