வாடிய செடிக்கு எது மருந்து?

கோடை வெயிலில் ஒரு செடி வாடிவிட்டால் நம்மவர் செய்வன பெரும்பாலும் இரண்டே. முதலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவர். அது பலிக்காவிட்டால் மருந்துக் கடைக்குச் சென்று, "மிளகாய்க் கன்று சுருண்டு போச்சுது, ஏதாவது தாருங்கோ" என்று கேட்டு ஒரு போத்தலுடன் திரும்புவர். கடைக்காரர் அந்தச் செடியைக் கண்டதில்லை. வாங்குபவரோ இலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. ஆயினும் வைத்தியம் நடந்துவிடுகிறது.

ஒரு செடியோடு முடிகிற விடயமானால் இதனைப் பற்றி எழுதவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கற் பாறையினூடாக இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. அதனையே குடிக்கிறோம், அதனையே தோட்டத்துக்கும் இறைக்கிறோம். அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. அளவுமீறிய பசளையும் மலக்குழிகளும் இதற்கு முக்கிய காரணங்கள். அத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். காரணம் அறியாமல் பாத்தியில் எறியும் யூரியாவின் ஒரு பங்கு கிணற்றுக்கே போய்ச் சேர்கிறது.

எனவே முதலில் நோயை அறிவோம். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கண்ணும் விரலும் போதும்.

நண்பகலில் தொங்கும் இலைகள் மாலையில் நிமிர்ந்தால் அது நோயன்று. வேர் உறிஞ்சுவதைவிட விரைவாக இலை நீரை இழக்கிறது, அவ்வளவே. சூரியன் நேர் உச்சிக்கு வரும் ஏப்ரலிலும், பின்னர் சோளகக் காற்று வீசும் மாதங்களிலும் இது இயல்பு. விடியற்காலையிலும் வாடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர்தான் மருந்து. ஈரமாக இருந்தும் செடி வாடினால் மேலும் ஊற்றும் நீர் வேரை அழுகச் செய்யும்.

கத்தரியோ தக்காளியோ பச்சை இலையுடன் திடீரெனத் துவண்டால், தண்டை அடியில் வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்துங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற இழைகள் இறங்கினால் அது பற்றீரியா வாடல். அதனைக் குணமாக்கும் மருந்து இல்லை. வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் எதனையும் சில பருவங்களுக்கு நடாதிருப்பதே வழி.

மிளகாய் இலை மேல்நோக்கி வள்ளம்போலச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிற்றுண்ணி. சிற்றுண்ணி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. பல பூச்சிகொல்லிகள் அதனை விட்டுவிட்டு, அதனைத் தின்னும் நல்ல உயிரினங்களையே கொல்கின்றன. மருந்தடித்த பின் நோய் பெருகுவதன் இரகசியம் இதுவே. 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிப்பது போதுமான தொடக்கம்.

மஞ்சளிலும் வேறுபாடு உண்டு. முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் நைதரசன் குறைவு. நரம்பு பச்சையாக இருக்க, இளந்தளிர் வெளிறினால் இரும்புக் குறைவு. சுண்ணம் மிகுந்த மண்ணில் இது வழமை. அதற்கு யூரியா இட்டுப் பயனில்லை.

தக்காளிப் பூ உதிர்ந்தாலும் பூச்சியைத் தேட வேண்டாம். பகல் வெப்பம் 35 பாகையை நெருங்கி, இரவும் தணியாதபோது மகரந்தம் செயலிழக்கிறது. கிடுகு நிழலும் வேரடியில் வைக்கோலும் காலை நீரும் தவிர வேறு பரிகாரம் இல்லை. இது இலண்டன் கொல்லைப்புறங்களுக்கும் பொருந்தும். 2022 ஜூலையில் இங்கிலாந்திலேயே வெப்பம் முதன்முறையாக 40 பாகையைத் தாண்டியது.

நோயறியாத வைத்தியத்தை அரசும் செய்ததுண்டு. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, அதே ஆண்டிலேயே பின்வாங்கியது. அள்ளிக் கொட்டுவதும் அடியோடு நிறுத்துவதும் ஒரே தவறின் இரு முகங்கள். இரண்டிலும் மண்ணை யாரும் கேட்கவில்லை.

போத்தலைத் திறக்குமுன் ஒரு விடியற்காலை செடியருகே குந்தியிருந்து பாருங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் காப்பாற்றப்படுவது செடி மட்டுமன்று, கிணறுந்தான்.