படம் அழகுதான், பாவித்துப் பார்த்தது யார்?

மருதமுனையில் கைத்தறிச் சாரி விற்கும் என் பழைய மாணவர் ஒருவர், ஒன்லைன் கடைக்கு யூஎக்ஸ் வடிவமைப்புச் செய்ய மூன்று கம்பனிகளிடம் விலை கேட்டிருக்கிறார். "எதைப் பிடிக்கிற சேர்?" என்றார். இன்னொரு தறி வாங்கச் சேர்த்து வைத்த காசு அது.

மூன்றும் காட்டியது பழைய வேலைகளின் பளபளப்பான படங்களைத்தான். அவற்றை யாரிடம் கொடுத்துச் சோதித்தீர்கள் என்று கேட்கச் சொன்னேன். ஐந்து பேரைப் பாவிக்க விட்டுப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். பெரிய செலவில்லை.

ஒரு கம்பனி "தமிழைப் பிறகு போடலாம்" என்றதாம். அதை அன்றே விடச் சொன்னேன். ஆங்கிலத்தில் நான்கெழுத்துக் 'கார்ட்' தமிழில் 'கூடையில் சேர்க்க' என்று நீளும், பொத்தானுக்குள் அடங்காது. அவரிடம் சாரி வாங்குவது நம் உம்மாமாரும் ராத்தாமாரும். பலர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்கள் (பெற்றோர் கூட்டத்தில் பார்க்கிறேனே!).

வடிவமைப்புக் கோப்புகள் கடைக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவும் சொன்னேன்.

மூன்றாவது கம்பனி மட்டும், "உங்கட உம்மா போன்ல சாமான் வாங்குறத பக்கத்தில இருந்து பார்க்கலாமா?" என்று கேட்டதாம். விலை கொஞ்சம் கூட. பேரம் பேசி அதையே எடுங்க என்றேன்.