ஆவடியில் எழும் அலை எங்கள் காதுக்கு எட்ட வேண்டும்

வானொலியின் டிஜிட்டல் மாற்றம் குறித்து, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டார நேயர்களின் நிலைப்பாட்டு அறிக்கை

சென்னை வானொலியின் மத்திய அலைக் கோபுரங்கள் சென்னையில் இல்லை. எங்கள் மாவட்டத்து ஆவடியில் இருக்கின்றன. காமராசர் சாலை நிலையத்தில் ஒருவர் பேசுவது ஆவடிக்கு வந்து, 720 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் வலுவோடு வான் ஏறுகிறது. பழவேற்காட்டுப் படகுக்கும் ஊத்துக்கோட்டை வயலுக்கும் ஒரே நொடியில் போய்ச் சேருகிற வலு அது. கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள், வானொலியை நடத்தும் பொது ஒலிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி நாடெங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளை டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறைக்கு ஏற்றவையாக்கியது. அதில் ஆவடியும் ஒன்று. இந்த முறையில் ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை அனுப்பலாம். எழுத்துச் செய்தியும் கூடவே போகும். மின்செலவும் குறைவு.

ஆனால் கும்மிடிப்பூண்டி பஜாரிலும் திருவள்ளூர் தேரடியிலும் கடை கடையாகக் கேட்டுப் பார்த்தோம். அந்த ஒலிபரப்பைக் கேட்கும் பெட்டி எங்கும் இல்லை. சில நிறுவனங்களின் புதிய கார்களில் அது பொருத்தப்பட்டே வருகிறது. கார் வாங்க வசதி உள்ளவருக்குக் கிடைத்துவிட்ட வசதி, புயல் நேரத்தில் அதைக் கட்டாயம் கேட்டாக வேண்டிய மீனவருக்குக் கிடைக்கவில்லை. பொதுமக்கள் பணத்தில் நிறுவிய ஒலிபரப்பி எங்கள் மண்ணிலேயே நிற்கிறது. அதன் பயன் எங்களைத் தாண்டிப் போகிறது.

ஆகவே எங்கள் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வானொலி டிஜிட்டலுக்கு மாற வேண்டும். அதை நாங்கள் எதிர்க்கவில்லை. மலிவான பெட்டி மக்கள் கைக்கு வந்து சேரும்வரை பழைய மத்திய அலையையும் எஃப்.எம்.மையும் நிறுத்தக் கூடாது. புதிய அலையில் இந்த வட்டாரத்தின் பேச்சு இருக்க வேண்டும். சென்னையின் பாட்டையும் டில்லியின் செய்தியையும் இன்னும் தெளிவாகக் கேட்பதற்கு மட்டும் இவ்வளவு செலவு தேவையில்லை.

பெட்டிக்கு முன்னால் அலை வந்தால் என்ன ஆகும் என்பது சென்னைக்குப் பழைய அனுபவம். நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. அது டீக்கடையிலும் ஆட்டோவிலும் ஒலிக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. நார்வே 2017இல் தேசிய எஃப்.எம். ஒலிபரப்பை முழுதாக டிஜிட்டலுக்கு மாற்றியது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31 அன்று எஃப்.எம்.மை நிறுத்தியது, நேயர்களில் ஒரு பகுதியினர் அதோடு டிஜிட்டலுக்கு வராமல், எஃப்.எம்.மிலேயே இருந்த வேறு நிலையங்களுக்குப் போய்விட்டார்கள். வசதியுள்ள நாட்டிலேயே இதுதான் நிலைமை. எங்களிடையே இன்னொரு அனுபவமும் உண்டு. பிபிசி தமிழோசையின் சிற்றலை வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. 1941இல் தொடங்கிய சேவை இணையத்துக்குப் போனது. போர்க்காலத்தில் ஊர்ச் செய்திக்காக அந்தச் சிற்றலையையே நம்பியிருந்த ஈழத்துப் பெரியவர்கள் கும்மிடிப்பூண்டி முகாமில் இன்றும் வாழ்கிறார்கள். தொடுதிரையில் தேடி எடுத்துக் கேட்கும் பழக்கம் இல்லாத முதியவருக்கு, அலை நின்றால் குரலும் நின்றது என்றே பொருள்.

எங்களை இந்த அறிக்கை எழுத வைத்தது மழையும் புயலும்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது கைப்பேசிச் சேவை முடங்கியது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் ஊர்களில் பலவற்றுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால் கைப்பேசி வெறும் டார்ச் லைட். சார்ஜ் தீர்ந்தால் அதுவும் இல்லை. பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு மணலி புதுநகர் வரை கரையோரத்தையெல்லாம் மிரட்டும். எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எந்தப் பாலம் மூழ்கும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம் என்பவை அப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிய வேண்டும். கைப்பேசியை அலறவைக்கும் அரசின் எச்சரிக்கைச் செய்தியை நாங்கள் வரவேற்கிறோம். ஆபத்து வருகிறது என்று அது சொல்லும். வந்தபின் மூன்று நாள் கூடவே இருந்து வழி சொல்ல ஒரு மனிதக் குரல் வேண்டும். இரண்டு பேட்டரியில் ஓடும் பெட்டி அந்தக் குரலைக் கொண்டுவந்து சேர்க்கும்.

தொழிற்பேட்டைகளை ஒட்டி வாழும் எங்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்தப் பக்கம் போக வேண்டும், ஈரத்துணியால் முகத்தை மூட வேண்டுமா என்பதை முதல் பத்து நிமிடத்தில் யாராவது சொல்லியாக வேண்டும். மணலியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை இரசாயனத்தோடு குடியிருக்கிற மக்களுக்கு இது என்றாவது ஒருநாள் வரப்போகும் கேள்வி இல்லை. ஏற்கெனவே வந்துவிட்ட கேள்வி. டி.ஆர்.எம். முறையில் அவசர எச்சரிக்கை வசதி ஒன்று இருக்கிறது. வேறு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியையும், தயார்நிலையில் இருக்கும் பெட்டியையும் அது தானாகவே எச்சரிக்கை ஒலிபரப்புக்குத் திருப்பிவிடும்; பல மொழிகளில் எழுத்தையும் திரையில் காட்டும். டிஜிட்டல் வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு முதல் காரணம் இந்த ஒரு வசதிதான்.

அதே டிஜிட்டலுக்கு ஒரு பலவீனமும் உண்டு. அலை மெலிந்தால் பழைய வானொலி கரகரக்கும்; காதைக் கூர்மையாக்கினால் பாதியாவது புரியும். டிஜிட்டல் ஒரு எல்லை வரை துல்லியமாகக் கேட்கும், அதற்குக் கீழே போனால் ஒரேயடியாக மௌனமாகிவிடும். மோட்டார், வெல்டிங், எல்.இ.டி. விளக்கு என்று மின் இரைச்சல் மிகுந்த சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தில் இந்த எல்லை எங்கே விழுகிறது என்பதை அளந்து பார்க்காமல் பழைய அலையை நிறுத்துவது ஆபத்து. புயல் இரவில் மௌனத்தைவிடக் கரகரப்பு மேல்.

இனி, என்ன பேச வேண்டும் என்பது. 1960களில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி ஆடுதுறை 27 என்ற நெல்லைப் பற்றி விடாமல் பேசியது. தஞ்சை உழவர்கள் அந்த நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த நிகழ்ச்சி உழவரின் பருவத்தை அறிந்து பேசியதால் கிடைத்த பெயர் அது. தொழிற்பேட்டைக்கும் பருவம் உண்டு: ஷிஃப்டு. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. இந்த மூன்று மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் பல்லாயிரம் பேர் கம்பெனி பஸ்ஸிலும், சென்ட்ரலிலிருந்து வரும் மின்சார ரயிலிலும், பதினாறாம் எண் தேசிய நெடுஞ்சாலையிலும் இருக்கிறார்கள். ஆலைக்குள் போனால் பல இடங்களில் கைப்பேசியை வாயிலிலேயே கொடுத்துவிட வேண்டும். இவர்களுக்கென்று இந்த நேரங்களில் ஒரு குரல் உண்டா? 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாகமதி விரைவு வண்டி சரக்கு ரயிலில் மோதியது. பாதை முடங்கி, வேலை முடிந்தவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் தவித்தார்கள். அந்த இரவில் எங்களுக்குத் தேவைப்பட்டது பாட்டு இல்லை.

வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் தமிழ் பேசுகிறவர்களும் இல்லை. ஒடியா, இந்தி, வங்காளம், அசாமியம் பேசும் இளைஞர்கள் பத்துக்குப் பத்து அறைகளில் நான்கைந்து பேராகத் தங்கியிருக்கிறார்கள். எல்லையோர ஊர்களில் தெலுங்கும் வீட்டு மொழி. இ.எஸ்.ஐ. அட்டையை எப்படிப் பயன்படுத்துவது, பி.எஃப். பணத்தை எப்படி எடுப்பது, இயந்திரத்தில் கை மாட்டினால் முதலில் என்ன செய்வது என்பதை அவர்கள் மொழியில் நாளுக்குக் கால் மணி நேரம் சொன்னால் உயிர்கள் தப்பும். ஒரே அலையில் பல நிகழ்ச்சிகள் போகும் என்பதைத் தொழில்நுட்பப் பெருமையாக மட்டும் பார்க்காமல், இந்த மொழிகளுக்கான இடமாகப் பாருங்கள் என்று பிரசார் பாரதியைக் கேட்கிறோம்.

பெட்டிக்கு வழி என்ன? எங்கள் தாத்தாக்களின் ஊரிலேயே விடை இருக்கிறது. ஊருக்கு ஒரு பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. ரேடியோ ரூமில் பெட்டி, கூரைமேல் குழாய் ஒலிபெருக்கி, மாலையில் திண்ணையெல்லாம் ஆட்கள். அதற்கும் முன்னால், 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை வானொலிக் கழகம் பணமின்றி 1927இல் மூடியபோது, மாநகராட்சி அந்த ஒலிபரப்பியை வாங்கி 1930இல் தன் சேவையைத் தொடங்கியது. கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தது. வீட்டுக்கு வீடு பெட்டி வாங்க முடியாத காலத்தில் பொது இடத்துக்கு ஒரு பெட்டி போதும் என்று அன்று புரிந்துகொண்டார்கள். இன்றும் அதையே செய்யலாம். ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும், மீன் இறங்குதளத்திலும், ரேஷன் கடையிலும், ஆலை கேன்டீனிலும் பேட்டரியில் ஓடும் ஒரு டிஜிட்டல் பெட்டி. ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி இதற்குப் போகட்டும். அரசு மொத்தமாக வாங்கத் தொடங்கினால் விலை தானே இறங்கும்.

கைப்பேசியிலும் ஒரு வழி அடைபட்டுக் கிடக்கிறது. பல கைப்பேசிகளுக்குள் எஃப்.எம். வசதி இருந்தும் அது முடக்கப்பட்டிருக்கிறது. இயர்போன் கம்பிதான் ஏரியல். அந்தத் துளையையே புதிய மாடல்களில் எடுத்துவிடுகிறார்கள். 2023இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை தந்தது. அறிவுரை போதாது, விதி வேண்டும். கைப்பேசிகளைப் பெருமளவில் ஒன்றிணைக்கும் தமிழ்நாடு இதைக் கேட்பதற்கு உரிமை உள்ள மாநிலம்.

இணையத்தை நாங்கள் ஒதுக்கவில்லை. இரவு ஷிஃப்டில் இருந்தவர் காலை நிகழ்ச்சியைப் பிறகு கேட்க இணையம்தான் வழி. வெளியூர் போன பிள்ளைகள் ஊர்க்குரலைக் கேட்பதும் அதில்தான். ஆனால் இணையத்தில் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே டேட்டா செலவாகும். அலையில் ஆயிரம் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்புச் செலவு ஒன்றுதான்.

சமுதாய வானொலி பற்றியும் சொல்ல வேண்டும். இதற்கு முன்னோடி தமிழ்நாடுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. 2016இல் பாம்பனில் தொடங்கிய கடல் ஓசை மீனவர்களுக்காகவே பேசுகிறது. பழவேற்காட்டு முகத்துவாரத்தின் நிலையையும் காற்றின் வேகத்தையும் விடியுமுன் சொல்ல அப்படியொரு நிலையம் எங்களுக்கும் வேண்டும். சிப்காட்டுக்கு இன்னொன்று வேண்டும். ஆனால் சமுதாய வானொலிக்கு நூறு வாட் வரம்போடு இன்னொரு கட்டும் இருக்கிறது: வானிலை, போக்குவரத்து, மின்தடை, இயற்கைப் பேரிடர் அறிவிப்புகளைச் சொல்லலாம், சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்லக் கூடாது. வான் அலைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தெருவில் நடந்த விபத்தைத் தெருவின் வானொலி சொல்ல முடியாத நிலை அந்தத் தீர்ப்போடு பொருந்தவில்லை. பொறுப்புள்ள நெறிமுறையோடு இந்தத் தடை நீங்க வேண்டும்.

2025 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனியார் டிஜிட்டல் வானொலிக்கான பரிந்துரைகளை வெளியிட்டது. சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களில், பழைய அலையும் புதிய அலையும் சேர்ந்தே ஒலிக்கும் முறையை அது சொல்கிறது. இரண்டும் சேர்ந்து ஒலிப்பதை ஆதரிக்கிறோம். நகரத்தைக் கணக்கிட்டு வட்டாரத்தை மறப்பதை ஆதரிக்கவில்லை. சென்னைக்கு மின்சாரமும் இரும்பும் டயரும் தரும் ஊர்கள் சென்னையின் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்கின்றன.

நேயர்களாகிய எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய ரேடியோ இருந்தால் இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் கீழே எடுங்கள். பேட்டரி போட்டு 720க்குத் திருப்புங்கள். தெளிவாகக் கேட்டாலும், கரகரத்தாலும், கேட்காமலே போனாலும், ஊர், தேதி, நேரம் மூன்றையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதிச் சென்னை வானொலி நிலையத்துக்கு அனுப்புங்கள்.