சீனம் செல்லும் வணிகரும் மொழியும்

சீனம் என்னும் பெயர் எமது அடுக்களைக்குப் புதியதன்று. தேநீரிற் கலக்கும் சீனியும், பலகாரம் பொரிக்கும் சீனச்சட்டியும், நாட்டு வைத்தியர் கேட்கும் சீனக்காரமும், திருவிழாவிற் கொளுத்தும் சீனவெடியும் அந்நாட்டின் பெயரைத் தாங்கி எம் இல்லங்களுட் புகுந்து நெடுங்காலமாயிற்று. இன்று பெயரைத் தாங்காமலே பொருள்கள் வந்து குவிகின்றன. கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரமும், தரையிற் பதிக்கும் ஓடும், தீபாவளிக்குத் தொங்கவிடும் மின்விளக்கும் பெரும்பாலும் அங்கிருந்தே வருவன. முன்னாளிற் கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரியிடம் கொள்முதல் செய்து விற்ற எம் பழைய மாணவர் சிலர், இன்று தாமே கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு குவாங்சௌ நகருக்கும் ஈவூச் சந்தைக்கும் புறப்படுகின்றனர். அவர்தம் ஊக்கத்தை நாம் பெரிதும் மெச்சுகின்றோம். ஆயின் முதற் பயணத்துக்கு அவர்கள் செய்யும் ஆயத்தத்தில் ஒரு பெருங்குறை காண்கின்றோம். பணம் திரட்டுகின்றனர், பெட்டி கட்டுகின்றனர், நாக்குக்கும் செவிக்கும் ஓர் ஆயத்தமும் செய்கின்றாரல்லர்.

நாம் அந்நாட்டுக்குச் சென்றவரல்லேம். சென்று மீண்ட மாணவர் வாய்க் கேட்டவற்றையும் நூல்களிற் கண்டவற்றையும் கொண்டு, மொழி பயிற்றுவோர் என்னும் உரிமை பற்றியே இதனை எழுதத் துணிந்தோம்.

பிறநாட்டுக்குப் போவோர் அந்நாட்டு மொழியை மதித்து ஆயத்தஞ் செய்தற்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின், அது எமது தீவிலேயே உண்டு. 1911ஆம் ஆண்டிற் காலி நகரிற் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள மும்மொழிக் கல்வெட்டே அது. சீனப் பேரரசின் கடற்படைத் தலைவராகிய செங் ஹோ கொண்டுவந்த அக்கல்லில் 1409ஆம் ஆண்டுக்குரிய நாள் பொறிக்கப்பட்டுள்ளது. சீன மொழிப் பகுதி புத்தர்பிரானையும், தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையில் எழுந்தருளிய தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றிக் காணிக்கைகளை விரித்துரைக்கின்றன. கல் சீன நாட்டிலேயே எழுத்து வெட்டப்பெற்றுக் கப்பலேற்றப்பட்டது என்பர் அறிஞர். அஃதாவது, நங்கூரம் தூக்குமுன்னரே தமிழறிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, தமிழில் வாசகம் எழுதுவித்து, தமிழெழுத்தறியாச் சிற்பியைக் கொண்டு அதனைப் பொறிப்பித்திருக்கின்றனர்! அக்கப்பற்படை காணிக்கை மட்டும் கொண்டுவரவில்லை. 1411இல் இத்தீவின் ஆட்சியாளன் ஒருவனைச் சிறைப்படுத்தியும் சென்றது என்பதனையும் மறத்தலாகாது. ஆயினும் மொழியளவில் அவர்கள் செய்த ஆயத்தத்தில் நூற்றில் ஒரு பங்கேனும் இன்று அங்கு செல்லும் நாம் செய்கின்றோமா?

புதிய சீனாவுடன் எமது நாடு செய்த முதற் பெருவணிகமும் நினைக்கத்தக்கது. 1952இல் அரிசித் தட்டுப்பாட்டால் இலங்கை இடருற்றிருந்தது. கொரியப் போரின் காரணமாக விதிக்கப்பட்ட தடையால் சீனாவுக்கு இறப்பர் கிடைப்பது அரிதாயிருந்தது. அன்றைய வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்று பேச, ஆண்டுக்கு 270,000 தொன் அரிசிக்கு 50,000 தொன் இறப்பர் என்னும் உடன்படிக்கை ஐந்தாண்டுக்கு எழுந்தது. இரு நாடுகளுக்குமிடையே தூதரக உறவு ஏற்பட்டதோ 1957இற்றான்! சென்றவர் தமக்கு வேண்டியதை மட்டுமன்றி, எதிரே இருப்பவருக்கு வேண்டியது யாது என்பதனையும் அறிந்து சென்றார். அங்காடியில் நிற்கும் சிறு வணிகருக்கும் இது பொருந்தும். ஆலைக்காரர் விரும்புவது ஆண்டுதோறும் வரும் வாடிக்கையையா, இம்முறை தேங்கிய சரக்கைத் தீர்த்துக்கொள்வதையா என்று அறியாமல் விலை பேசுவது வீண்.

இனி மொழிக்கு வருவோம். சீனம் ஓசை ஏறியிறங்குவதாற் பொருள் வேறுபடும் மொழி. வணிகர்க்கு முதலில் வேண்டிய இரு சொற்களே இதற்குச் சான்று. ‘மாய்’ என்பதைத் தாழ்ந்தெழும் ஓசையோடு சொன்னால் ‘வாங்கு’ என்றும், உயரத்திலிருந்து வெட்டென இறக்கிச் சொன்னால் ‘விற்பனை செய்’ என்றும் பொருள்படும். இன்று அங்கு வழங்கும் எழுத்திலும் அவ்விரண்டுக்கும் வேறுபாடு சிறிதே. வாங்குதலின் மேல் ஒரு கூட்டற்குறியை வைத்தால் விற்றல் ஆகிவிடும். அவ்வாறே நான்கு ‘ஸு’, பத்து ‘ஷு’. பதினான்கு ‘ஷு ஸு’. நாற்பது ‘ஸு ஷு’. தென்சீனத்திற் பலர் இவ்விரு மெய்களையும் பிரித்து ஒலிப்பதில்லை. எம்மவருட் பலர் லகர ளகர ழகரங்களை ஒன்றாக்கிப் பேசுவது போன்றதே இதுவும். எம் வகுப்பில் அதனால் இழப்பது ஒரு புள்ளி. குவாங்சௌவில் இழப்பது பதினான்குக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட பணம்.

விரலாற் காட்டுவோமே என்பாரும் உளர். சீனர் ஒற்றைக் கையாலேயே பத்துவரை காட்டுவர். பெருவிரலையும் சுட்டுவிரலையும் நீட்டினால் எட்டு. பெருவிரலையும் சிறுவிரலையும் நீட்டினால் ஆறு. இரண்டு விரல் கண்டு இரண்டென்று எண்ணி மகிழ்ந்தவர் விலைச்சீட்டைக் கண்டதும் திகைப்பர்.

எண்ணலளவையில் இன்னுமொரு நுட்பம் உண்டு. ஆங்கிலேயர் ஆயிரம், மில்லியன் என எண்ணுவர். நாம் ஆயிரம், இலட்சம், கோடி என்போம். சீனரோ பத்தாயிரத்தை ‘வான்’ என ஓரலகாகக் கொண்டு மேலே செல்வர். எமது ஓர் இலட்சம் அவர்க்குப் பத்து வான். எமது பத்துக் கோடி அவர்க்கு ஒரு ‘யீ’. நாம் இலட்சத்தில் நினைத்து ஆங்கிலத்திற் சொல்ல, அவர் ஆங்கிலத்திற் கேட்டு வானில் மாற்ற, இடையில் ஒரு சுழியம் உதிர்ந்துபோதல் வியப்பன்று. தள்ளுபடியிலும் இத்தகைய பொறி உண்டு. ‘எட்டு ஜே’ என்று பலகையில் எழுதியிருந்தால் நூற்றுக்கு எண்பது குறைப்பு என்பது கருத்தன்று. எண்பது கொடுக்க வேண்டும், இருபதே குறைப்பு. நிறுத்து விற்கும் பொருளுக்குச் சொல்லும் ‘ஜின்’ என்பது கிலோவன்று, அரைக் கிலோ. இவற்றையெல்லாம் ஒரு மாலைப் பொழுதிற் கற்றுவிடலாம்.

இதனினும் பாரதூரமானது பெயர். எம்மிடம் கற்ற ஒருவர் (பெயரும் ஊரும் வேண்டா) நீரிறைக்கும் இயந்திரங்களுக்கு முற்பணம் அனுப்பினார். நூற்றுக்கு முப்பது முன்னரும், மிகுதி கப்பலேற்று முன்னரும் கொடுப்பது அங்கு பெருவழக்கு ஆதலின் அவர் ஐயுறவில்லை. அப்பணத்தில் ஒரு பகுதி மனைவியின் நகையை அடைவு வைத்துப் பெற்றது. சரக்கு வரவில்லை. சீனத்திலுள்ள வழக்கறிஞர் ஒருவரை ஆள்மூலம் அணுகியபோது அவர் கேட்ட முதற் கேள்வி, ‘நிறுவனத்தின் சீனப் பெயர் யாது?’ என்பது. இவர் கையிலிருந்த விலைச்சீட்டில் ஆங்கிலப் பெயர் மட்டுமே இருந்தது. பணம் சென்றதோ தனியாள் ஒருவரின் கணக்குக்கு. வழக்கு அங்கேயே முடிந்தது. நகை இன்னும் மீளவில்லை.

அந்நாட்டில் ஒரு நிறுவனத்தின் சட்டப்படியான பெயர் சீன எழுத்தில் உள்ள பெயரே. ஆங்கிலப் பெயரைத் தத்தம் விருப்பப்படி சூட்டிக்கொள்வர். அதனை இன்றைக்கு ஒன்றாகவும் நாளைக்கு வேறொன்றாகவும் எழுதலாம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 18 இடங்கொண்ட பதிவுக் குறியீடு உண்டு. வணிக உரிமப் பத்திரத்தில் அதனைக் காணலாம். அரசாங்கத்தின் இணையப் பதிவேட்டில் ஒப்புநோக்கலாம். உடன்படிக்கையில் அச்சீனப் பெயரும், பதிவுசெய்யப்பெற்ற வட்டச் செம்முத்திரையும் இருத்தல் வேண்டும். கையொப்பத்தினும் முத்திரைக்கே அங்கு மதிப்பு மிகுதி. பணம் செலுத்தும் கணக்கின் பெயரும் அதே எழுத்துகளில் இருத்தல் வேண்டும். இரு மொழியில் எழுதிய உடன்படிக்கையாயின், மாறுபாடு வரும்போது எம்மொழி வாசகம் செல்லும் என்பதனையும் அதிலேயே எழுதுவித்தல் நன்று. ஐந்தாறு எழுத்துகளை வரைபடம்போற் பார்த்து, ‘இதுவும் அதுவும் ஒன்றே’ என்று சொல்லும் பயிற்சி இருந்திருப்பின் எம் மாணவர் தப்பியிருப்பார். அப்பயிற்சி அரிவரி வகுப்புப் பிள்ளைக்கும் கைகூடும்.

இதற்கு மறுமொழியாக, ‘கைத்தொலைபேசியே மொழிபெயர்க்கின்றதே, ஆசிரியர் எதற்கு?’ என்று இளைஞர் எம்மை வினவுவதுண்டு. மொழிபெயர்க்கின்றது, அதன் பயனை நாம் மறுக்கின்றோமல்லேம். உணவுச் சாலையிலும் புகைவண்டி நிலையத்திலும் அஃது ஒரு நல்ல துணை. ஆயின் நேராகச் சொல்ல மனமில்லாதவர் வாயிலிருந்து வரும் சொல்லின் கருத்தை அக்கருவி எவ்வாறு காட்டும்? சீனத்தில் ‘சாபுதுவோ’ என்றொரு சொல் உண்டு. ‘ஏறத்தாழ’, ‘பெரிதும் வேறுபாடில்லை’ என்பது அதன் பொருள். அப்போக்கை எள்ளி அறிஞர் ஹூ ஷி ஒரு நகைச்சுவைக் கட்டுரையே வரைந்தார். மாதிரியும் சரக்கும் ஒன்றா என வினவுமிடத்து இச்சொல் காதில் விழுமாயின், கப்பலேற்று முன் ஆள்வைத்துச் சோதிப்பித்தல் வேண்டும் என்பது அதன் வணிகப் பொருள். கருவி ‘ஏறத்தாழ ஒன்றே’ என்று மொழிபெயர்த்துவிட்டு வாளாவிருக்கும்.

கருவியைப் பற்றி இன்னுமொன்று. கூகிள், வட்ஸ்அப், முகநூல் என்பன அந்நாட்டு இணையவழியில் இயங்கா. அங்கு எல்லோரும் கைக்கொள்ளும் வீசாட், அலிபே என்பவற்றை இங்கேயே நிறுவி, தம் வங்கி அட்டையை இணைத்துப் பார்த்துவிட்டே விமானமேறல் வேண்டும். வணிகத்துக்குரிய ‘எம்’ எழுத்து விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டும் என்பதைப் பயண முகவர் சொல்வர், விரிக்கவில்லை.

காலம் அறிதல் வேண்டும். 1957இல் தொடங்கிய கன்ரன் சந்தை, குவாங்சௌ நகரில் இளவேனிலிலும் கூதிரிலும் ஆண்டுக்கு இருமுறை கூடுவது. இளவேனிற் சந்தை எமது புத்தாண்டுக்கு மறுநாளாகிய ஏப்ரல் 15இலும், மற்றையது ஒக்ரோபர் 15இலும் தொடங்குதல் வழக்கம். ஒவ்வொன்றும் மூன்று கட்டமாக நடைபெறும். இயந்திரமும் மின்பொருளும் முதலில், துணியும் உடையும் இறுதியில். துணி வாங்கச் சென்றவர் முதற் கட்டத்திற் போய் நின்று வெறுங்கையோடு மீள்வதில் யாரைக் குறைகூறுவது? ஒக்ரோபரிற் பேசிய சரக்கு அவ்வாண்டுத் தீபாவளிக்கு உதவாது என்பதும் வெளிப்படை. தை மாசி மாதங்களில் வரும் சீனப் புத்தாண்டுக்குத் தொழிலாளர் சொந்த ஊர் சென்றுவிடுவதால் ஆலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும்.

விருந்தைப் பற்றிச் சிறிது. ‘வோ ச்சு சூ’ என்றால் ‘நான் மரக்கறி உண்பவன்’ என்பது பொருள். சொன்னால் மரக்கறியே வரும்; ஆயின் அது இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கக்கூடும் ஆகையால் அதனையும் வினவ வேண்டும். பௌத்த ஆலயங்களின் அருகே தூய மரக்கறிச் சாலைகள் உள. ‘கன்பெய்’ என்று கிண்ணத்தை உயர்த்துவோர்க்குத் தேநீரை உயர்த்தி மறுமொழி கூறலாம். பெயரில் முதலில் நிற்பது குடும்பப் பெயர். முதலாளியை அப்பெயரோடு ‘சொங்’ சேர்த்து ‘வாங் சொங்’ என்றாற்போல விளித்தல் மரியாதை. முகவரிச் சீட்டை இரு கையாலும் கொடுத்து இரு கையாலும் வாங்க வேண்டும்; இருகையேந்திப் பிரசாதம் பெறும் எமக்கு இதனைக் கற்பிக்க வேண்டியதில்லை. கையுறையாக மணிக்கூடு மட்டும் கொண்டுசெல்லற்க. ‘மணிக்கூடு அளித்தல்’ என்பதும் ‘இறுதிக் காலத்தில் உடனிருத்தல்’ என்பதும் அவர் மொழியில் ஒரே ஒலியின. பனையோலைப் பெட்டியிற் சிவப்புத் தாள் சுற்றிய இலங்கைத் தேயிலை போதும்.

இவற்றையெல்லாம் தனித்தனியே ஒவ்வொருவரும் பணமிழந்து கற்க வேண்டுமா? சென்று வந்த பழைய மாணவர் பலர் எம்மிடை உளர். யூபிலி ஆண்டில் கட்டடத்துக்கும் மண்டபத்துக்கும் நிதி திரட்டும் எமது சங்கம், சனிக்கிழமை மாலைகளில் வணிகச் சீனம் பயிற்றும் ஒரு சிறு வகுப்பையும் தொடக்கலாகாதா? எண்கள், ஐம்பது சொற்கள், நிறுவனப் பெயரையும் முத்திரையையும் ஒப்புநோக்கும் முறை ஆகியவற்றுக்குப் பத்து மாலைகள் போதும். உயர்தர வகுப்பில் வர்த்தகம் கற்கும் மாணவரும் பின்வரிசையில் இருந்து கேட்கலாம். தக்க ஆசிரியரைக் கொழும்பிலிருந்து வருவித்தற்குரிய செலவைச் சீனம் சென்று பொருளீட்டும் அன்பர் நால்வர் ஏற்பின் பிறரிடம் கேட்க வேண்டியதில்லை. அறையும் கரும்பலகையும் கல்லூரியில் உண்டு. செயற்குழு தனது அடுத்த கூட்டத்தில் இதனை ஆராயுமாறு வேண்டுகின்றோம். முன்வரிசையில் எமக்கும் ஓரிடம் ஒதுக்குக.